கைக்கு ஒரு கல்

அமெரிக்க உள்நாட்டுப் போர். 1863 மே 2 இரவு, சான்சலர்ஸ்வில் களத்தில் தென்படைத் தளபதி ஸ்டோன்வால் ஜாக்சனை அவருடைய ஆட்களே இருட்டில் தெரியாமல் சுட்டுவிட்டார்கள். இடதுகையை வெட்டி எடுத்தும் மே 10இல் செத்தார். அவர் சுடப்பட்ட இடத்துக்குப் பக்கத்தில் 1888இல் நினைவுத்தூண். வெட்டின கையைப் புதைச்ச எல்வுட் பண்ணையில் 1903இல் தனிக்கல். ஆமாம், கைக்கு!

அந்தப் பண்ணையில் உழுதது யாரு? அடிமைகள். அவங்க கைக்குக் கல் நட யாருக்காவது தோணுச்சா?

'வீரத்தைத்தானே மதிக்கிறோம்' என்பார்கள். எதுக்கான வீரம்? ஜாக்சனும் அடிமைகளை வைத்திருந்தவர். அடிமைமுறையைக் காப்பாற்றத்தான் தெற்கு பிரிந்தது. வீரத்தை மட்டும் உரிச்செடுத்துக் கல்லில் ஏற்றினால் காரணம் மண்ணுக்குள் போய்விடும். எதிரே வடபடையில் சுமார் 1,80,000 கறுப்பர்கள் சேர்ந்தார்கள். அந்த அடிமை ஒழிப்பைப் போற்றித்தான் ஜோதிராவ் புலே 1873இல் 'குலாம்கிரி'யை அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். நமக்கு அது ஒண்ணும் அந்நியச் சண்டை இல்லை.

ரிச்மண்ட் நகரத்து ஜாக்சன் சிலையை 2020 ஜூலையில் இறக்கியது சரி. களத்துக் கல்லைப் பிடுங்கச் சொல்ல மாட்டேன், இருக்கட்டும். அடிமைகளைச் சொத்துக் கணக்கில் எழுதி வைத்தார்களே (பாங்கில் பேரேடு எழுதுகிறவன் சொல்கிறேன், கணக்கில் ஏறினதைத் தேடி எடுக்கலாம்), அதிலிருந்து கிடைக்கிற பேரையெல்லாம் அந்தக் கல்லுக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் வெட்டட்டும்.