எத்தனாவது வந்தீர்கள்?

ஆரோவில்லில் அரை மாரத்தான் ஓடிவிட்டு, திங்கட்கிழமை காலை நொண்டிக்கொண்டே பள்ளிக்கு வந்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவியர் என்னைச் சூழ்ந்துகொண்டு கேட்டது ஒரே கேள்விதான்: "எத்தனாவது வந்தீங்க, டீச்சர்?" தெரியாது என்றேன். அவர்கள் முகம் வாடிவிட்டது. முன் வரிசையில் இருந்த ஒருத்தி சற்றுத் துணிந்து, "அப்புறம் எதுக்கு டீச்சர் அவ்ளோ தூரம் ஓடுனீங்க?" என்றாள். எனக்குச் சட்டென்று விடை சொல்ல வரவில்லை. மணி அடித்துவிட்டது, இயற்கணிதம் தொடங்கிவிட்டோம். அந்த மாணவிக்கு நான் தரவேண்டிய விடையை இந்த ஆண்டு மலரில் எழுதுகிறேன்.

மாரத்தான் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீட்டர். அதில் சரிபாதி, 21 கிலோமீட்டரும் 97.5 மீட்டரும். நம் ஊர்க் கணக்கில் சொல்வதானால், சந்தவாசலிலிருந்து படவேடு ரேணுகாம்பாள் கோவில் வரை ஓடிப்போய்த் திரும்பி வந்தாலும் தூரம் மிச்சமிருக்கும். நாற்பது வயதைத் தாண்டிய நான் இதில் இறங்கியது வீர உணர்ச்சியால் அன்று. இரத்தத்தில் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று மருத்துவர் எச்சரித்தார், அதனால் நடந்தேன். நடை சலித்தது; அதனால் ஓடினேன். விடியுமுன் படவேடு சாலையில் நான் ஓடுவதைக் கண்ட பால்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, "இன்னா டீச்சர், பஸ்ஸ வுட்டுட்டீங்களா? ஏறுங்க, கொண்டாந்து வுடறேன்" என்றார். ஒரு பெண் காரணமின்றி ஓடமாட்டாள் என்பது அவர் எண்ணம். அவர்மீது குற்றமில்லை. நாம் அப்படித்தானே பழக்கி வைத்திருக்கிறோம்?

ஆரோவில் மாரத்தான் 2008 முதல் நடந்துவருகிறது. அங்கே பரிசு கிடையாது. நேரம் குறிக்கும் கருவி கிடையாது. செம்மண் பாதை, இருபுறமும் காடு. 1968-இல் ஆரோவில் தொடங்கியபோது பொட்டலாகக் கிடந்த நிலத்தில் மனிதர் கையால் நட்டு வளர்த்த காடு அது. எனினும், பரிசில்லாத ஓட்டத்திலும் நான் பரிசுக்கு ஓடுகிறவளைப் போலவே ஓடினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் ஐந்து கிலோமீட்டரில் என்னைக் கடந்தவர்களையெல்லாம் துரத்தினேன். தாகமெடுக்கவில்லை என்று தண்ணீரை ஒதுக்கினேன். போதாக்குறைக்குப் புதுச் செருப்புக் கடித்த கதைபோல, இரண்டே வாரம் பழகிய ஷூ. பதினைந்தாவது கிலோமீட்டரில் கணக்கு நேரானது. கெண்டைக்கால் இறுகிக் கல்லாயிற்று. பாதையோரத்து மண்மேட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

அறுபது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர் நடந்து வந்தார். "உக்காராதம்மா, உக்காந்தா கால் புடிச்சுக்கும். என்னோட நட" என்று கையை நீட்டினார். உப்புத் தூவிய ஆரஞ்சுச் சுளைகள் இரண்டைத் தந்தார். ஒரு கிலோமீட்டர் சேர்ந்து நடந்தோம். பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். பிறகு, "இப்ப நீ ஓடு, நான் வரேன்" என்று அனுப்பிவைத்தார். முடிவிடத்திற்கு நான் சேர்ந்தபோது என் கைக்கடிகாரப்படி மூன்று மணி நேரம் தாண்டியிருந்தது. அந்த அம்மையார் வரும்வரை காத்திருந்தேன். வேகமாக ஓடி முடித்த இளைஞர்களும் நின்று அவருக்குக் கைதட்டினார்கள். நம் பள்ளி விளையாட்டு விழாவில் கடைசியாக வரும் பெண்ணுக்காக நாம் எப்போது நின்றோம்?

பெண்ணுக்கு நெடுந்தூரம் ஆகாது என்ற எண்ணம் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். ஜெர்மனியின் லினா ராட்கே உலக சாதனையோடு வென்றார். ஓடி முடித்தவர்கள் களைத்துத் தரையில் சாய்ந்தார்களாம். பெண்ணுடல் தாங்காது என்று பத்திரிகைகள் எழுதின. அந்த ஓட்டத்தையே நீக்கிவிட்டு, மறுபடி 1960-இல்தான் சேர்த்தார்கள். முப்பத்திரண்டு ஆண்டுகள்! ஓடிக் களைத்த ஆண்களும் தரையில் சாய்வதுண்டு. அதற்காக ஆண்களின் ஓட்டத்தை யாரும் நீக்கியதில்லை. பெண்களுக்கான மாரத்தான் ஒலிம்பிக்கில் இடம்பெற 1984 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதே 1984-இல், அதே லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில்தான் நம் பி.டி. உஷா நூறில் ஒரு பங்கு நொடியில் வெண்கலப் பதக்கத்தை இழந்தார். நூறில் ஒரு பங்கு நொடியை எண்ணும் ஓட்டமும் உலகுக்கு வேண்டும். ஆனால் அது ஆயிரத்தில் ஒருத்திக்கு. மீதியுள்ளவர்கள் எங்கே ஓடுவது?

நம் விளையாட்டு விழாவை எண்ணிப் பாருங்கள். நூறு மீட்டர், இருநூறு மீட்டர், எலுமிச்சையும் கரண்டியும், இசை நாற்காலி. மேடையில் மூன்று படிகள். மூவர் ஏறுகிறார்கள், மற்றவர்கள் பந்தலில் அமர்ந்து கைதட்டுகிறார்கள். ஆறாம் வகுப்பில் மைதானமெங்கும் பறக்கும் பெண், எட்டாம் வகுப்பில் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு மரத்தடியில் நிற்கிறாள். பாப்பாவை ஓடச் சொன்ன பாரதியாரை நாம் மனப்பாடம் செய்கிறோம். பாப்பா வளர்ந்ததும் உட்காரச் சொல்லிவிடுகிறோம். புனித சின்னப்பரும் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் ஓட்டப் பந்தயத்தை உவமையாக எடுத்தார். அவர் பேசியது ஓடுகிறவர்களிடம். பந்தலில் இருப்பவர்களிடம் அன்று.

இன்னொன்றும் உண்டு. ஜவ்வாது மலைமேலிருந்து வந்து படிக்கும் நம் மாணவியரில் பலர் குறுகிய ஓட்டங்களில் வெல்வதில்லை. ஆனால் ஏற்றத்தில் விறகுக் கட்டோடு நடந்த கால்கள் அவை. மகாராஷ்டிரத்தில் நாசிக் மாவட்டத்துப் பழங்குடிச் சிற்றூரான சாவர்பாடாவிலிருந்து வந்த கவிதா ராவுத், 2010-இல் தில்லி காமன்வெல்த் போட்டியில் 10,000 மீட்டரில் வெண்கலம் பெற்றார். நம் புதுக்கோட்டைப் பகுதியைச் சேர்ந்த சூர்யா, 2016 தெற்காசியப் போட்டிகளில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். நூறு மீட்டரை மட்டுமே வைத்துப் பார்க்கும் பள்ளி, இப்படிப்பட்ட பெண்ணை இனங்காண முடியுமா?

பெற்றோரின் தயக்கங்கள் எனக்குத் தெரியும். சாலையில் லாரிகள் வரும், நாய்கள் துரத்தும், வயதுப் பெண்ணை விடியலில் அனுப்புவதா என்று கேட்பார்கள். அவற்றில் நியாயம் உண்டு. ஆகவே தனியே அனுப்ப வேண்டாம், கூட்டமாக அனுப்புங்கள் என்கிறேன். இரத்தசோகை இருந்தால்? தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது உண்டு என்று 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. முதலில் இரத்தத்தைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்; வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையை விழுங்க வேண்டும். (அதைச் சன்னல் வழியே எறிபவர்கள் யார் யாரென்று எனக்குத் தெரியும்.) மாதவிலக்கு நாட்களில் உடல் இடங்கொடுத்தால் ஓடலாம், இல்லையேல் நடக்கலாம், படுத்தும் இருக்கலாம். ஓடவே கூடாது என்று விதியில்லை.

தலைமைச் சகோதரியிடம் ஒரு கோரிக்கை வைத்தேன். அடுத்த விளையாட்டு விழாவிற்கு முந்தைய சனிக்கிழமை, பள்ளி வாயிலிலிருந்து படவேடு சாலையில் நான்கு கிலோமீட்டர் போய், நான்கு கிலோமீட்டர் திரும்புவது. கோப்பை இல்லை, முதலிடம் இல்லை. கடைசிப் பெண் வரும்வரை யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது என்பது மட்டும் விதி. "யாரும் வராவிட்டால்?" என்றார் அவர். நான் மட்டும் ஓடுகிறேன் என்றேன். சிரித்துக்கொண்டே ஒப்புதல் தந்தார்.

போன சனிக்கிழமை முதல் பயிற்சிக்கு ஏழு பேர் வந்தார்கள். எதற்கு ஓடினீர்கள் என்று கேட்டவளும் வந்திருந்தாள், பின்னால் சைக்கிளில் அவள் அப்பாவும். வரும் சனிக்கிழமையும் காலை 5.30 மணிக்குப் புறப்படுகிறோம். பெற்றோர் கையொப்பமிட்ட கடிதமும் தண்ணீர்ப் புட்டியும் கொண்டுவர வேண்டும். புது ஷூ வேண்டாம்.