ஓடும் கடிகாரமும் நிற்கும் கடிகாரமும்



லண்டனின் கிரீனிச் வான் ஆய்வுக்கூடத்தில் ஜான் ஹாரிசன் செய்த கடிகாரங்கள் நான்கு இருக்கின்றன. கப்பல் எந்தத் தீர்க்கரேகையில் நிற்கிறது என்று நடுக்கடலில் அறிய வழியில்லாமல் மாலுமிகள் திசை தவறிச் செத்துக்கொண்டிருந்த 18-ஆம் நூற்றாண்டில், ஹாரிசன் என்ற தச்சர் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொட்டிச் செய்தவை அவை. முதல் மூன்றும் பெரிய பெட்டிகளில் அடைக்கவேண்டிய பித்தளை எந்திரங்கள், இன்றும் ஓடுகின்றன. நான்காவது உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது, 13 சென்டிமீட்டர் அகலம். நான்கிலும் துல்லியமானது அதுதான். அதை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

அது பழுதாகி நிற்கவில்லை. சாவி கொடுத்தால் ஓடும். ஆனால் முதல் மூன்றையும் எண்ணெயே வேண்டாதபடி அமைத்த ஹாரிசனால் நான்காவதை அப்படி அமைக்க முடியவில்லை. எண்ணெய் கேட்கும் எந்திரம் ஓட ஓடத் தேயும். அதனால் அருங்காட்சியகத்தார் அதை ஓய்வில் விட்டிருக்கிறார்கள். ஒரே கை செய்த கடிகாரங்கள், ஒரே கூரையின் கீழ் இருப்பவை. மூன்றுக்கு ஒரு முடிவு, ஒன்றுக்கு வேறு முடிவு. இரண்டுமே சரியான முடிவுகள் என்று நினைக்கிறேன். வைத்திருப்பவரின் ஆசையைக் கேட்டு எடுக்கப்பட்டவை அல்ல அவை. எந்திரத்தைக் கேட்டு எடுக்கப்பட்டவை.

இந்த இதழில் பழைய கைக்கடிகாரங்களுக்குச் சில பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம். அதற்காகப் பேசியவர்களில் பெரும்பாலோர் இரண்டு கட்சியாக நின்றார்கள். ஒரு கட்சிக்குக் கை படாத வாட்ச்தான் வாட்ச். கடையிலிருந்து வந்த டப்பா, ரசீது, உத்தரவாதச் சீட்டு எல்லாம் அப்படியே இருக்கவேண்டும். பின்மூடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய தாளைக்கூட உரிக்கக் கூடாது. இன்னொரு கட்சி, பழைய சாமான் கடையில் முள் உடைந்து கிடப்பதை எடுத்துவந்து, அது மறுபடி டிக்கிடும் நாளுக்காக மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள். என் மனம் இரண்டாவது கட்சியோடுதான். ஆனால் அந்தக் கட்சியிலும் எல்லோரோடும் இல்லை.

கை படாத வாட்ச்சைப் பற்றி முதலில் ஒரு விஷயம் தெரியவேண்டும். நம் ஊரில் சாவி கொடுக்கும் வாட்ச் என்றால் எச்.எம்.டி.தான் நினைவுக்கு வரும். 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் தொடங்கிய ஆலை அது. ஜனதா, பைலட், ஜவான், சோனா, கோஹினூர், காஞ்சன் என்று வந்த வாட்ச்சுகளில் ஏதாவது ஒன்று இல்லாத நடுத்தரக் குடும்பம் அன்று குறைவு. பையன் பாஸானால் வாட்ச், வேலை கிடைத்தால் வாட்ச், மாப்பிள்ளைக்கு மாமனார் போடுவதும் அதே வாட்ச். ஜனதாவின் உள்ளே இருக்கும் 17 கல் எந்திரத்தின் பேலன்ஸ் சக்கரம் மணிக்கு 18,000 முறை அசையும். நாள் ஒன்றுக்கு 4,32,000. ஆண்டு முழுக்க ஓடினால் 15 கோடியே 76 லட்சத்துக்கும் மேல். இத்தனை அசைவையும் தாங்குவது, முனையில் மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பருமனே உள்ள ஓர் எஃகுத் தண்டு. செயற்கை மாணிக்கக் கல்லின் குழிக்குள், ஊசி நுனியில் எடுத்து வைத்த எண்ணெயின் மேல் அது சுழல்கிறது.

அந்த எண்ணெய்க்கு ஆயுசு உண்டு. வாட்ச்சைக் கட்டினாலும் கட்டாவிட்டாலும் அது காலப்போக்கில் பிசுபிசுத்து வறண்டுபோகும். முப்பது நாற்பது ஆண்டு பெட்டிக்குள் தூங்கிய 'புத்தம் புது' வாட்ச்சின் உள்ளே இருப்பதும் வறண்ட எண்ணெய்தான். அதற்குச் சாவி கொடுத்து நாள்தோறும் கையில் கட்டினால், தூசியோடு சேர்ந்த அந்தப் பிசின் தண்டின் முனையைத் தேய்த்துத் தின்னும். வெளியே மின்னும்; உள்ளே தேயும். ஆகவே திறக்காமல் வைத்துக்கொள்வது என்றால், கிரீனிச்சில் செய்வதுபோல ஓடவிடாமலும் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டிக்கொள்ள ஆசை வந்தால் பின்மூடியைத் திறந்தே ஆகவேண்டும். கை படாமலும் இருக்கட்டும், கையிலும் இருக்கட்டும் என்பது நடக்காது.

சரிசெய்கிறவர்கள் பக்கம் இருக்கும் சிக்கல் வேறு வகை. மதுரை வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய அப்பா பள்ளி ஆசிரியர். அவர் கட்டியிருந்த ஜனதா இப்போது மகளிடம். டயல் பழுத்துப்போய், ஆறாம் எண்ணருகே ஒரு கறை. ஒருநாள் ஓடும், மறுநாள் நிற்கும். கடைக்காரர், "புது டயல் போட்டு, கேஸைப் பாலிஷ் பண்ணிடலாம்மா, கல்யாண வாட்ச் மாதிரி ஆயிடும்" என்கிறார். அண்ணன், "தொடவே தொடாதே" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

அம்மா, வாட்ச்சில் மாற்றுவதற்கென்றே செய்யப்பட்ட பாகங்கள் சில உண்டு. வார், மேல் கண்ணாடி, தண்ணீர் புகாமல் தடுக்கும் வளையம், உள்ளே சுருண்டிருக்கும் மெயின்ஸ்பிரிங். இவை தேயும், அறுந்துபோகும், மாற்றுவார்கள் என்று தெரிந்தேதான் ஆலையில் செய்தார்கள். ஜனதாவின் கண்ணாடி பிளாஸ்டிக் வகை. கீறல் இருந்தால் தேய்த்தே பளபளப்பாக்கலாம், விரிசல் விட்டிருந்தால் புதிது போடலாம். எந்திரத்தை முழுக்கக் கழற்றி, கழுவி, புது எண்ணெய் வைக்கச் சொல்லுங்கள். நின்று நின்று ஓடுவது பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். டயலையும் முட்களையும் கேஸையும் மட்டும் தொடவேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள். ஜனதா கேஸ் பித்தளைமேல் குரோம் பூச்சு. பாலிஷ் சக்கரத்தில் வைத்தால் பூச்சு போய்ப் பித்தளை பல்லிளிக்கும். டயலில் உள்ள கறை, சாவிக் குமிழ் வழியாக என்றோ ஈரம் இறங்கியதால் வந்திருக்கலாம். அது உங்கள் அப்பாவின் வியர்வையாகவோ, அவர் நனைந்த மழையாகவோ இருக்கலாம். புது வளையம் போட்டால் அந்தக் கறை மேலும் பரவாது. அதுவே போதும்.

டயலை மாற்றுவதை நான் இவ்வளவு எதிர்ப்பதற்குக் காரணம் உண்டு. எச்.எம்.டி. வாட்ச்சுகளுக்கு இன்று வெளிநாடுகளிலும் ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆசையைக் குறிவைத்து, பழைய டயல்களைச் சுரண்டி, ஆலை என்றைக்கும் போடாத நிறங்களில் பெயின்ட் அடித்து, எழுத்துகளைப் புதிதாக அச்சிட்டு விற்கிறார்கள். சேகரிப்பாளர்கள் இவற்றுக்கு 'மும்பை ஸ்பெஷல்' என்றே பேர் வைத்திருக்கிறார்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் தெரிந்துவிடும்: எழுத்து தடித்திருக்கும், நிமிடக் கோடுகள் சரியான இடத்தில் உட்காராது, ஆறாம் எண்ணுக்குக் கீழே இருக்கவேண்டிய பொடி எழுத்து காணாமல் போயிருக்கும். டயலுக்கு மறுபூச்சு கொடுப்பது பழைய தொழில்; அந்தக் காலத்தில் வாடிக்கையாளர்களே 'புதுசாக்கித் தா' என்று கேட்டார்கள், ரிப்பேர்காரர்கள் செய்து தந்தார்கள். அதில் ஒளிவுமறைவு இல்லை. புதிதாகப் பூசியதைப் பழசு என்று சொல்லி விற்பதுதான் திருட்டு.

இங்கேதான் முதல் கட்சிக்காரர்களுக்கு நாம் நன்றி சொல்லவேண்டும். பைலட்டின் கறுப்பு எந்தக் கறுப்பு, காஞ்சனின் முள் எந்த வடிவம் என்று சந்தேகம் வந்தால், சரிசெய்கிறவர் யாரிடம் போய்க் கேட்பார்? எச்.எம்.டி. கைக்கடிகார நிறுவனத்தை மூட 2016-ல் மத்திய அமைச்சரவை முடிவெடுத்துவிட்டது. ஆலையில் கேட்க ஆளில்லை. யாரோ ஒருவர் டப்பாவோடு பூட்டி வைத்திருக்கும் கை படாத ஒன்றுதான் அகராதி. அதைப் பார்த்துத்தான் மற்றவற்றின் எழுத்துப்பிழைகளைத் திருத்த முடியும். அதனால் அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பூட்டி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து, கேட்பவர்களுக்குக் காட்டுங்கள்.

விலை என்று வந்தாலும் கறைபடாததுதான் எப்போதும் வெல்லும் என்றில்லை. நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனா 2017 அக்டோபரில் நியூயார்க்கில் ஏலம் போனது. கட்டணங்கள் சேர்த்து 1,77,52,500 டாலர். அதன் பின்மூடியில் கவனமாக வண்டி ஓட்டச் சொல்லும் மூன்றே வார்த்தைகளை அவர் மனைவி ஜோன் உட்வர்ட் பொறித்துக் கொடுத்திருந்தார். நியூமன் கார்ப் பந்தயம் ஓட்டியவர். அவர் அந்த வாட்ச்சைப் பல ஆண்டுகள் கட்டிவிட்டு, 1984-ல் மகளின் நண்பரான ஓர் இளைஞருக்குத் தந்தார். அந்த இளைஞரும் கட்டினார். கை படாதது என்ற கணக்கில் பார்த்தால் அந்தப் பொறிப்பே ஒரு சேதம். அந்தச் சேதத்தை யாராவது பாலிஷ் போட்டு அழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே மனம் கூசுகிறது.

சரிசெய்வதில் எனக்கு ஆதர்சம் ரூபர்ட் கூல்ட். ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி. கடிகாரத் தொழில் படித்தவர் அல்ல. ஹாரிசனின் கடிகாரங்கள் கிரீனிச்சில் களிம்பேறி, யாரும் திரும்பிப் பாராமல் கிடந்ததை 1920-ல் கண்டு, சம்பளம் வாங்காமல் தானே சுத்தம் செய்து தருவதாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். மூன்றாவது கடிகாரம் மட்டுமே அவருடைய ஏழு ஆண்டுகளை எடுத்துக்கொண்டது. முதலாவது மோசமாக அரித்துப்போயிருந்தது. காணாமல் போன பாகங்கள் ஏராளம். அது 1933-ல்தான் மறுபடி ஓடியது. 'தொடாதே' என்ற கட்சி அன்று வென்றிருந்தால் இன்று நம்மிடம் ஒரு துருக்குவியல்தான் இருந்திருக்கும். கூல்ட் இன்னொன்றும் செய்தார். எதைக் கழற்றினார், எதைப் புதிதாகச் செய்து சேர்த்தார் என்று நோட்டு நோட்டாக எழுதி, படம் வரைந்து வைத்தார். பின்னால் வந்தவர்களுக்கு எது ஹாரிசன், எது கூல்ட் என்று பிரித்தறிய அதுவே வழிகாட்டியது.

நம் ரிப்பேர்காரர்களுக்கும் இப்படி ஒரு வழக்கம் உண்டு. வாட்ச்சைச் சர்வீஸ் செய்ததும் பின்மூடியின் உள்பக்கத்தில் ஊசியால் பொடி எழுத்தில் தேதியோ தங்களுக்கு மட்டும் புரியும் குறியோ கீறி வைப்பார்கள். பழைய வாட்ச்சைத் திறந்தால் இப்படி நாலைந்து கைகளின் கீறல்கள் இருக்கும். வாட்ச்சைத் தரும்போது அந்தக் கீறல்களைப் படம் எடுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். மாற்றிய பழைய பாகங்களையும் சின்ன உறையில் போட்டு வாங்கி வாருங்கள். என்ன செய்தார் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி அதோடு வையுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டியிருக்கிறது. 1960-களுக்கு முன்பு வந்த, இருட்டில் ஒளிர்வதற்கென்று எண்களிலும் முட்களிலும் பூச்சு வைத்த வெளிநாட்டு வாட்ச்சுகள் பலவற்றில் இருப்பது ரேடியம். இப்போது ஒளிரவில்லையே என்று அலட்சியமாக இருக்காதீர்கள். ஒளிரும் பொருள்தான் செத்துப்போயிருக்கிறது. ரேடியத்தின் வீரியம் பாதியாகக் குறையவே சுமார் 1,600 ஆண்டு ஆகும். அந்தப் பூச்சைத் தூரிகை முனையில் தொட்டு, உதட்டில் வைத்துக் கூர்படுத்தி டயல் எழுதிய அமெரிக்கத் தொழிற்சாலைப் பெண்கள் பலர் 1920-களில் தாடையெலும்பு அழுகி இறந்தார்கள். வீட்டு மேசையில் வைத்து அதைச் சுரண்டாதீர்கள், பொடியை முகராதீர்கள். பழுப்பேறிய பூச்சை அப்படியே விட்டுவிடுவது அழகுக்கும் நல்லது, உடம்புக்கும் நல்லது.

டைட்டன் 1987-ல் ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் வாட்ச்சுகளைக் கொண்டுவந்த பிறகு, தெருமுனைக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களின் வேலை மெல்ல மெல்ல பேட்டரி மாற்றுவதாகச் சுருங்கியது. ஹேர்ஸ்பிரிங்கை இடுக்கியால் நிமிர்த்தத் தெரிந்தவர்களில் பலருக்கு இன்று வயது எழுபதைத் தொடுகிறது. ஆனாலும் ஊருக்கு ஒருவராவது இருக்கிறார். உங்கள் ஊரில் சாவி கொடுக்கும் வாட்ச்சைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர் எந்தத் தெருவில், எந்தக் கடைக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறார் என்று எங்களுக்கு எழுதுங்கள். அவரிடம் கேட்டு, அவர் சம்மதித்தால் மட்டும் எழுதுங்கள். வரும் கடிதங்களை மாவட்ட வாரியாகத் தொகுத்து அடுத்த இதழில் வெளியிடுகிறோம். மதுரைப் பட்டியலை முதலில் போடுவதாக இருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்