வதந்தி விரட்டிய சோளப்பொரி உருண்டை

ஒக்டோபர் மாதம் 31ஆம் திகதி மாலையானதும் வட அமெரிக்காவின் வீதிகளில் பேய்களும் சூனியக்காரிகளும் எலும்புக்கூடுகளும் நடமாடத் தொடங்கிவிடும். அவற்றின் உயரம் பெரும்பாலும் நான்கு அடியைத் தாண்டாது. ஹலோவீன் எனப்படும் அந்த நாளில் வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டி இனிப்புக் கேட்கும் இந்தச் சிறு பேய்களின் பைகளை இரவில் கொட்டிப் பார்த்தால், ஆலையில் செய்து உறையிட்டு ஒட்டிய சொக்லேற்றுகளும் மிட்டாய்களுமே குவிந்து விழும். வீட்டு அடுப்பில் செய்த பண்டம் ஒன்றைக் காண்பது அரிது.

முன்னர் நிலைமை இவ்வாறு இருக்கவில்லை. அயர்லாந்திலிருந்தும் ஸ்கொட்லாந்திலிருந்தும் 19ஆம் நூற்றாண்டில் குடியேறியவர்கள் கொண்டுவந்த ஹலோவீன், அமெரிக்க மண்ணில் அறுவடைக் காலத்துடன் இணைந்து புதிய உருவம் பெற்றது. அங்கே கோசுக்கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள் இங்கே பூசணிக்காயைக் குடைந்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சீனிக்கு விதிக்கப்பட்ட பங்கீடு 1947ஆம் ஆண்டில் நீங்கிய பின்னரே, பிள்ளைகள் வீடு வீடாகச் செல்லும் வழக்கம் நாடு முழுவதும் பரவியது. அக்காலத்தில் பிள்ளைகளின் பைகளில் விழுந்தவை அப்பிள் பழங்கள், வீட்டில் சுட்ட பிஸ்கற்றுகள், கச்சான், சில்லறைக் காசு ஆகியவற்றுடன், பாகில் பிடித்த சோளப்பொரி உருண்டைகள்.

சோளப்பொரிக்கு அந்த இடம் கிடைத்ததில் வியப்பில்லை. சோளம் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரிய தானியம். பெரு நாட்டின் வட கரையோரத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட சோளக் கதிர்கள், ஏறத்தாழ 6,700 ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு வாழ்ந்த மக்கள் சோளத்தைப் பொரித்து உண்டார்கள் என்பதை உணர்த்துகின்றன. சார்ள்ஸ் கிரெற்றர்ஸ் என்பவர் நீராவியால் இயங்கும் பொரி இயந்திரத்தை 1893ஆம் ஆண்டின் சிக்காகோ உலகக் கண்காட்சியில் காட்டினார். அதே நகரில், ஜேர்மனியிலிருந்து வந்த ருக்ஹைம் சகோதரர்கள் சோளப்பொரியையும் கச்சானையும் வெல்லப்பாகில் கலந்து, 1896இல் கிராக்கர் ஜக் என்று பெயர் சூட்டி விற்றார்கள். 1930களின் பொருளாதார வீழ்ச்சியின்போதும் சில சதங்களுக்கு ஒரு பை நிறையச் சோளப்பொரி வாங்க முடிந்தது. ஏழையின் வீட்டிலும் இருந்த பண்டமே பண்டிகைப் பண்டமாயிற்று.

அத்தகைய பண்டத்தை வாசலிலிருந்து விரட்டியது ருசி மாற்றம் அன்று. அச்சமே அதை விரட்டியது.

அப்பிளுக்குள் சவர அலகு வைத்துக் கொடுக்கிறார்கள், இனிப்பில் நஞ்சு கலக்கிறார்கள் என்ற கதைகள் 1960களின் பிற்பகுதியிலிருந்து பரவத் தொடங்கின. 1974ஆம் ஆண்டு ஹலோவீன் இரவில் ரெக்ஸாஸ் மாநிலத்தில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் சயனைட் கலந்த இனிப்பை உண்டு இறந்தபோது, கதை உண்மையாகிவிட்டது என்று நாடே நம்பியது. ஆனால் விசாரணையில் வெளிவந்தது வேறு. நஞ்சு வைத்தவர் அயலவர் அல்லர். சிறுவனின் தந்தையான ரொனால்ட் கிளார்க் ஓபிரையன். பிள்ளையின் பெயரில் எடுத்திருந்த ஆயுட் காப்புறுதிப் பணத்துக்காக அவர் அதைச் செய்தார். யாரோ ஒரு முகமறியாத அயலவர் மீது பழி விழும் என்பதே அவருடைய கணக்கு. வதந்தி முன்னரே ஊரில் உலவியதால்தான் அந்தக் கணக்குக்கு இடமிருந்தது. 1984இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

1982ஆம் ஆண்டு சிக்காகோப் பகுதியில் ரைலனோல் என்ற வலிநிவாரணி மாத்திரைகளில் எவரோ சயனைட் கலந்ததால் ஏழு பேர் உயிரிழந்தனர். கொலையாளி இன்றுவரை இனங்காணப்படவில்லை. அதற்கும் ஹலோவீனுக்கும் தொடர்பில்லை. எனினும் அந்த ஆண்டு ஹலோவீன் வந்தபோது பெற்றோரின் பீதி உச்சத்தை அடைந்தது. பிள்ளைகளின் இனிப்புப் பைகளை எக்ஸ் கதிர் மூலம் சோதித்துத் தர வைத்தியசாலைகள் முன்வந்த காலம் அது. உறையிடாத எதையும் வாங்காதீர்கள், வாங்கினால் எறிந்துவிடுங்கள் என்ற அறிவுரை எங்கும் ஒலித்தது. அத்துடன் சோளப்பொரி உருண்டையின் காலம் முடிந்தது.

இங்கே வாசகர்கள் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். ரெக்ஸாஸ் சிறுவன் உண்டது ஆலையில் செய்து குழாயில் அடைத்த இனிப்புத் தூளை. சிக்காகோவில் எமனாக வந்தது கடையில் வாங்கிய மருந்து. இரண்டிலும் நஞ்சு ஏறி வந்த வாகனம் கடைச் சரக்கே. ஆனால் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டது அடுத்த வீட்டுப் பாட்டி பிடித்த பொரி உருண்டை. யானை புகுந்து தோட்டத்தை அழிக்க, வேலியோரம் நின்ற ஆட்டைக் கட்டி வைத்து அடித்த கதைதான் இது.

இந்த அச்சத்தை ஒருவர் ஆராய்ந்தார். சமூகவியலாளரான ஜோயல் பெஸ்ற், 1958 முதல் பத்திரிகைகளில் வந்த இத்தகைய செய்திகளைத் தேடி எடுத்து ஒவ்வொன்றாகச் சோதித்தார். அவரும் ஜெரால்ட் ஹோரியூச்சியும் 1985இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு தெளிவானது. முகமறியாத ஒருவர் ஹலோவீன் இனிப்பில் எதையோ கலந்து, அதனால் ஒரு பிள்ளை இறந்ததாகவோ கடுமையாகப் பாதிக்கப்பட்டதாகவோ உறுதிப்படுத்தப்பட்ட சம்பவம் ஒன்றைக்கூட அவர்களால் காண முடியவில்லை. பல சம்பவங்கள் விளையாட்டாகச் செய்த புரளிகள். சிலவற்றைச் செய்தவர்கள் பிள்ளைகளே.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருந்தது. 1975 முதல் 2016 வரையான 42 ஆண்டுகளின் விபத்துத் தரவுகளை ஆராய்ந்து 2018இல் வெளியான மருத்துவ ஆய்வொன்று, ஹலோவீன் மாலையில் பாதசாரிகள் வாகனம் மோதி இறக்கும் அபாயம் ஏனைய மாலைகளைவிட 43 சதவீதம் அதிகம் என்று கண்டது. பிள்ளைகளைக் கொன்றது வாகனம். பெற்றோர் பயந்தது உருண்டைக்கு. மோட்டார் வாகனத்தைத் தடை செய்யும்படி எவரும் கேட்கவில்லை.

பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற வகையில், இதில் எமது துறைக்கு உள்ள பங்கை மறைப்பது நேர்மையாகாது. ஒக்டோபர் கடைசி வாரத்தில் எச்சரிக்கைச் செய்தி எழுதுவது எளிது. எழுதுபவர் பொறுப்புள்ளவராகத் தோன்றுவார், ஆசிரியரும் மறுக்கமாட்டார். ஊசி கிடந்தது என்பது முதற்பக்கத்தில் வரும். அதை வைத்தது அந்த வீட்டுப் பையனே என்பது சில நாட்களின் பின் உட்பக்கத்தின் மூலையில் வரும், அல்லது வராமலே போகும். 2022ஆம் ஆண்டிலும் வண்ண வண்ணமான பென்ரனைல் போதை மாத்திரைகளைப் பற்றிய எச்சரிக்கை ஹலோவீன் பைகளுடன் முடிச்சுப் போடப்பட்டது. விலை மிகுந்த சரக்கை விற்பவன் அதை அறியாப் பிள்ளைகளுக்கு ஏன் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்ற எளிய கேள்வியைக் கேட்டவர்கள் சிலரே. பொய்யை உறுதிப்படுத்த எவரும் காத்திருப்பதில்லை. மறுப்பதற்கு மட்டும் ஆதாரம் கேட்கிறார்கள்.

அப்படியானால் நாளையே பொரி உருண்டைகளைச் செய்து வாசலில் வைத்து வருவோர் போவோருக்கெல்லாம் கொடுக்கலாமா என்று கேட்டால், நான் அதைச் சொல்லமாட்டேன். அச்சம் பொய்யாயினும் அது விளைவித்த வழக்கம் உண்மை. நீங்கள் கொடுப்பது அடுத்த வீட்டுக் குப்பைத் தொட்டிக்குத்தான் போய்ச் சேரும். அத்துடன் வதந்தியல்லாத காரணங்களும் உண்டு. கச்சானோ பாலோ ஒவ்வாத பிள்ளைகள் இருக்கிறார்கள். உறையில்லாத பண்டத்தில் என்ன சேர்ந்திருக்கிறது என்று அவர்களின் பெற்றோர் அறிய வழியில்லை. இத்தகைய பிள்ளைகளுக்காக, உணவல்லாத சிறு பரிசுகளை வைத்திருக்கும் வீடுகள் நீலப்பச்சை நிறம் பூசிய பூசணிக்காயை வாசலில் வைக்கும் இயக்கம் 2014 முதல் நாடளாவிய ரீதியில் நடைபெறுகிறது. அது பாராட்டுக்குரியது. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் சோளப்பொரி தொண்டையில் சிக்கும் அபாயம் உண்டு என்பதால் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கூறுவதையும் மதிக்கவே வேண்டும்.

ஆகவே என் யோசனை வேறு. பொரி உருண்டையை வாசலுக்கு அனுப்ப முடியாவிட்டால், வாசலில் நிற்பவர்களை அடுப்படிக்கு அழையுங்கள். அயலிலுள்ள இரண்டு மூன்று குடும்பங்களையும் பிள்ளைகளையும் ஹலோவீனுக்கு முந்திய வார இறுதியில் வரச்சொல்லி, எல்லோர் கண்முன்னும் செய்யுங்கள். பாத்திரத்தில் என்ன விழுகிறது என்பதைக் கண்ணால் கண்டவர் வதந்திக்குச் செவிசாய்க்கமாட்டார்.

செய்முறை கடினமன்று. பொரிப்பதற்கென விற்கும் சோளமணிகள் அரைக் கோப்பை, எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி. அடி கனமான பெரிய பாத்திரத்தில் எண்ணெயை ஊற்றி மூன்று நான்கு மணிகளை மட்டும் இட்டு மூடுங்கள். அவை வெடித்ததும் மீதியையும் இட்டு, மூடியைச் சற்றே விலக்கி வைத்துப் பாத்திரத்தை அசைத்துக்கொண்டிருங்கள். மணியின் உள்ளே ஏறத்தாழ 14 சதவீதம் ஈரம் இருக்கிறது. வெப்பம் 180 பாகை செல்சியஸ் அளவை அடைகையில் அந்த ஈரம் நீராவியாகி, வன்மையான தோலை உடைத்துக்கொண்டு, மாவை வெண்ணுரைபோல் விரியச் செய்கிறது. நீராவி வெளியேற வழி விடாவிட்டால் பொரி நமுத்துப்போகும். பழைய மணிகள் வெடிக்காமற் போவதற்குக் காரணம் ஈரம் வற்றியதே. பொரிந்ததை அகன்ற பாத்திரத்தில் இட்டுக் குலுக்கினால் வெடிக்காத மணிகள் அடியில் தங்கும். அவற்றைக் கட்டாயம் அகற்றுங்கள், பல் உடையும்.

பாகுக்குச் சீனி ஒரு கோப்பை, சோளப்பாகும் தண்ணீரும் கோப்பையில் மூன்றிலொரு பங்கு வீதம், உப்பு அரைத் தேக்கரண்டி, வினாகிரி ஒரு தேக்கரண்டி. சோளப்பாகும் வினாகிரியும் சீனி மறுபடி மணல்போல் உறையாமல் காக்கும். 121 முதல் 125 பாகை வரை காய்ச்ச வேண்டும். வெப்பமானி இல்லையெனில் எங்கள் பாட்டிமார் செய்ததே போதும்: குளிர்ந்த தண்ணீரில் ஒரு துளி விட்டால் அது விரலுக்குக் கெட்டியான உருண்டையாகத் திரள வேண்டும். அமெரிக்கச் சமையல் நூல்களும் அந்தப் பதத்தைக் கெட்டி உருண்டை என்றே அழைக்கின்றன. இறக்கி, இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெயும் சிறிது வனிலாவும் சேர்த்து, ஏறத்தாழ பன்னிரண்டு கோப்பைப் பொரியின் மேல் ஊற்றிக் கிளறுங்கள். இதுவரை பெரியவர்களின் வேலை. கொதிக்கும் பாகு தோலில் ஒட்டினால் நீரைவிட மோசமாகச் சுடும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பின், வெண்ணெய் தடவிய கைகளால் உருண்டை பிடிப்பது பிள்ளைகளின் வேலை. பாகில் செம்மஞ்சள் நிறம் சேர்த்து, பச்சை மிட்டாயொன்றைக் காம்பாகக் குத்தினால் பூசணிக்காய். பாகில்லாத பொரியை, உணவுக்கென விற்கும் தெளிந்த கையுறையில் நிரப்பி, விரல் நுனிகளில் மிட்டாய்களை நகமாக வைத்துக் கட்டினால் பேயின் கை. மிகச் சிறியவர்கள் பேயின் கையைப் பார்த்து மகிழட்டும். உண்ண வேறு ஏதாவது கொடுங்கள்.

மைக்ரோவேவ் பொரிப் பை இருக்க இத்தனை பாடு எதற்கு என்று கேட்போர் இருப்பர். அவர்களுக்கு இரண்டு செய்திகள். மிசூரி மாநிலத்திலுள்ள மைக்ரோவேவ் பொரி ஆலையொன்றில் வேலை செய்தோருக்கு நுரையீரல் நோய் வந்தது 2000ஆம் ஆண்டில் தெரியவந்தது. வெண்ணெய் வாசனைக்குச் சேர்த்த டயசிற்றைல் என்ற இரசாயனமே அதற்குக் காரணமெனக் கண்ட பின்னர், 2007 அளவில் பெரிய நிறுவனங்கள் அதைக் கைவிடத் தொடங்கின. பையில் எண்ணெய் ஊறாதிருக்கப் பூசிய நிலைத்த புளோரின் சேர்மங்கள் இனி உணவுப் பொதிகளுக்காக விற்கப்படுவதில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அறிவித்தது 2024இல். உறையிட்டு ஒட்டியிருப்பதாலேயே ஒரு பண்டம் தூய்மையாகிவிடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

ரொறன்ரோவிலும் நியூயோர்க்கிலும் வாழும் எம்மவர் பலர் ஹலோவீனை அந்நியர் கூத்து என்று ஒதுக்குவதுண்டு. வேறு சிலர் பெட்டி பெட்டியாக மிட்டாய் வாங்கிக் கொடுத்துக் கடமை முடிப்பதுண்டு. கார்த்திகை விளக்கீட்டுக்குப் பொரி உருண்டை பிடிக்கும் வழக்கம் தமிழகத்தில் உண்டு. பாகுப் பதம் எமக்குப் புதிதன்று. அந்தக் கைப்பழக்கத்தை அந்த ஊரின் சோளத்தில் காட்டினால், அயலவருடன் பேச மொழி தேடி அலைய வேண்டியதில்லை.

ஒரு சமூகம் அடுத்த வீட்டாரின் கையால் உண்ண அஞ்சத் தொடங்கிய பின்னர், அந்த இடத்தை நிரப்ப வணிகத்தைத் தவிர வேறெதுவும் வருவதில்லை. வணிகத்தின் மீது எனக்குக் கோபமில்லை. அது தன் தொழிலைச் செய்தது. வதந்தியும் தன் தொழிலைச் செய்தது. அரைக் கோப்பைச் சோளமும் ஒரு கோப்பைச் சீனியும் எடுத்து அடுத்த வீட்டுக் கதவைத் தட்டும் வேலை மட்டுமே எஞ்சியிருக்கிறது.