நிலம் கொடுத்தவர்கள் கேட்கும் கணக்கு

விருத்தாசலத்துக்குப் "பீங்கான் நகரம்" என்று ஒரு பெயர் உண்டு.

அங்கே பீங்கானில் பொம்மை செய்கிறார்கள். கோப்பை செய்கிறார்கள். மின்சாரக் கம்பியைத் தாங்கும் பீங்கானும் செய்கிறார்கள்.

இந்தத் தொழிலுக்கு வேண்டிய வெள்ளைக் களிமண் எங்கே இருந்து வந்தது?

கிழக்கே இருக்கும் நெய்வேலியில் இருந்து வந்தது. நிலக்கரிச் சுரங்கம் வெட்டியபோது, மேல் மண்ணோடு இந்தக் களிமண்ணும் கிடைத்தது.

அந்த மண்ணின் மேல் ஒரு காலத்தில் வயல்கள் இருந்தன. வீடுகள் இருந்தன. கோவில்கள் இருந்தன.

அந்த இடத்தை விட்டுப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் ஒரு கணக்கு கேட்கிறார்கள். அது என்ன கணக்கு?

கிணற்றில் கண்ட அதிசயம்

நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் இருந்தார். 1935-ம் ஆண்டில் அவருடைய நிலத்தில் கிணறு தோண்டினார்கள். தண்ணீரோடு கறுப்பு நிறத்தில் ஏதோ ஒரு பொருளும் வெளியே வந்தது.

அதுதான் பழுப்பு நிலக்கரி!

பிறகு அரசாங்க நிபுணர்கள் வந்தார்கள். பூமியில் பல இடங்களில் துளை போட்டுப் பார்த்தார்கள். அடியில் ஏராளமான நிலக்கரி இருப்பது தெரிந்தது.

அந்தக் காலத்தில் தமிழ்நாட்டுக்கு நிலக்கரி வேண்டும் என்றால், வங்காளத்தில் இருந்தும் பீகாரில் இருந்தும் வரவேண்டும். ஆகவே, நெய்வேலித் திட்டத்தை எப்படியும் நிறைவேற்றவேண்டும் என்று முதல்-அமைச்சர் காமராஜர் பாடுபட்டார்.

1956-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1957-ம் ஆண்டு மே 20-ந் தேதி பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961-ம் ஆண்டில் நிலக்கரி கண்ணில் பட்டது. 1962-ம் ஆண்டில் மின்சாரம் பிறந்தது.

ஊரே போய்விடும்

சில சுரங்கங்களில் குகை போல் வழி வெட்டி, உள்ளே போய் நிலக்கரி எடுப்பார்கள். மேலே ஊர் இருக்கும்; அடியில் வேலை நடக்கும்.

நெய்வேலிச் சுரங்கம் அப்படிப்பட்டது அல்ல. அது திறந்தவெளிச் சுரங்கம். மேல் மண்ணை முழுவதும் அள்ளி அப்புறப்படுத்திய பிறகுதான் நிலக்கரி கிடைக்கும். ஆகவே, சுரங்கம் நகர்ந்து வரும் வழியில் உள்ள ஊர் அந்த இடத்தில் இருக்க முடியாது.

இன்னொரு சங்கடமும் உண்டு. நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் மிகுந்த வேகத்துடன் இருக்கிறது. அதை இடைவிடாமல் இறைக்கவேண்டும். இல்லாவிட்டால் சுரங்கம் மூழ்கிவிடும். இப்படி இறைப்பதால் தங்கள் கிணறுகளில் தண்ணீர் கீழே இறங்கிவிட்டது என்பது சுற்றுப்புற விவசாயிகளின் குறை.

பழைய சட்டம்

நிலம் எடுப்பதற்கு அன்று கையில் இருந்தது, வெள்ளைக்காரர் ஆட்சியில் வந்த 1894-ம் ஆண்டுச் சட்டம்.

பொதுக் காரியத்துக்கு நிலம் வேண்டும் என்று அரசாங்கம் முடிவு செய்துவிட்டால், "தரமாட்டேன்" என்று சொல்லி ஒருவர் அதைத் தடுத்துவிட முடியாது. விலை போதாது என்று வழக்குப் போடலாம்.

நிலம் உள்ளவருக்காவது பணம் கிடைத்தது. அந்த நிலத்தில் நாற்று நட்டு, களை எடுத்துப் பிழைத்த கூலிக்காரருக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை.

பணம் செலவாகிவிடும். நிலம் இருந்தால் தலைமுறைக்கும் சோறு போடும். அதனால்தான் மக்கள், "எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு நிறுவனத்தில் வேலை கொடுங்கள்" என்று கேட்டார்கள்.

சிலருக்கு வேலை கிடைத்தது. பலருக்குக் கிடைக்கவில்லை. ஒப்பந்தத் தொழிலாளியாகவே காலத்தைக் கழித்தவர்களும் உண்டு. "வீட்டுக்கு ஒருவருக்கு நிரந்தர வேலை" என்ற கோரிக்கை இப்படித்தான் வளர்ந்தது.

கதிர் வரும் பயிரில் எந்திரம்

2023-ம் ஆண்டு ஜூலை மாதம் இந்தத் தகராறு நாடு முழுவதும் தெரிந்தது.

சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில், பரவனாற்றைத் திருப்பிவிடக் கால்வாய் வெட்டும் வேலை தொடங்கியது. வயலில் நெற்பயிர் நின்றது. அதன் மீதே மண் வெட்டும் எந்திரங்கள் இறங்கின. விவசாயிகள் கதறினார்கள். போராட்டம் மூண்டது.

நிறுவனம் சொன்ன காரணம் இது: "இந்த நிலம் 2006-ம் ஆண்டுக்கும் 2013-ம் ஆண்டுக்கும் இடையில் எடுக்கப்பட்டது. பணமும் கொடுத்தாகிவிட்டது. பயிரிடவேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தோம்."

விவசாயிகளோ, "இத்தனை ஆண்டுகள் சும்மா கிடந்த நிலத்தில் பாடுபட்டோம். அறுவடை வரை பொறுக்கக் கூடாதா?" என்று கேட்டார்கள்.

வழக்கு சென்னை ஐகோர்ட்டுக்குப் போனது. பயிரை அழித்தது குறித்து நீதிபதி வேதனை தெரிவித்தார். பயிருக்கு ஏக்கருக்கு 40 ஆயிரம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்கும்படி உத்தரவு ஆயிற்று.

அமெரிக்காவில் நடந்த வழக்கு

பல தலைமுறை கழிந்த பிறகு நிலத்துக்குக் கணக்கு கேட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு இதற்குப் பாடமாக இருக்கிறது.

அங்கே நியூயார்க் மாநிலத்தில் ஒனைடா என்ற பூர்வகுடி மக்கள் இருக்கிறார்கள். அமெரிக்கா சுதந்திரத்துக்குப் போராடியபோது, இவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கர் பக்கம் நின்றவர்கள். அவர்களின் நிலத்துக்குப் பாதுகாப்பு தருவதாக 1794-ம் ஆண்டில் ஒப்பந்தமும் ஆயிற்று.

பூர்வகுடிகளின் நிலத்தை மத்திய அரசாங்கத்தின் சம்மதம் இல்லாமல் யாரும் வாங்கக் கூடாது என்று 1790-ம் ஆண்டிலேயே சட்டம் இருந்தது. ஆனாலும், 1795-ம் ஆண்டில் நியூயார்க் மாநிலம் அவர்களிடம் சுமார் 1 லட்சம் ஏக்கரை வாங்கிவிட்டது. பிறகு மேலும் மேலும் நிலம் கைமாறியது. 1920-ம் ஆண்டில் நியூயார்க்கில் அவர்கள் கையில் எஞ்சியது 32 ஏக்கர்தான்!

1970-ம் ஆண்டில் வழக்குப் போட்டார்கள். 1985-ம் ஆண்டில், அவர்களுக்கு வழக்காட உரிமை உண்டு என்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு கூறியது.

ஆனால், 2005-ம் ஆண்டில் நடந்தது என்ன?

ஒனைடா மக்கள் பழைய நிலத்தில் ஒரு பகுதியை மீண்டும் விலைக்கு வாங்கியிருந்தார்கள். அதில் தங்கள் ஆட்சியே செல்லும் என்றும், நகரசபைக்கு வரி கட்டவேண்டியது இல்லை என்றும் வாதாடினார்கள். "காலம் கடந்துவிட்டது. 200 ஆண்டுகளில் எல்லாமே மாறிவிட்டது" என்ற கருத்தில், அதே கோர்ட்டு அந்த வாதத்தைத் தள்ளிவிட்டது. கடைசியில் 2013-ம் ஆண்டில் மாநில அரசாங்கத்தோடு சமரசம் செய்துகொண்டார்கள்.

நெய்வேலியும் ஒனைடாவும் ஒன்று அல்ல. அங்கே சட்டத்தை மீறி நிலம் வாங்கினார்கள். இங்கே சட்டப்படி எடுத்தார்கள். ஆனால், பாடம் ஒன்றுதான். நியாயம் உன் பக்கம் இருந்தாலும், காலம் உனக்காகக் காத்திராது.

இப்போது உள்ள உரிமை

2014-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி முதல் புதிய நிலம் எடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. விலை கூடுதலாகக் கிடைக்க அது வழி செய்தது. நிலம் இழந்தவரை வேறு இடத்தில் வாழவைக்கும் கடமையையும் சொல்கிறது. அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த குத்தகைதாரரையும் கூலிக்காரரையும் பாதிக்கப்பட்ட குடும்பமாகக் கணக்கில் சேர்க்கிறது.

தமிழ்நாட்டில் தொழிலுக்கு நிலம் எடுக்க 1997-ம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் உண்டு. ஆகவே நோட்டீசு வந்தால், எந்தச் சட்டத்தின்படி வந்தது என்று முதலில் பார்க்கவேண்டும்.

தொகை போதாது என்று தோன்றினால், "ஆட்சேபத்துடன் வாங்குகிறேன்" என்று எழுதிவிட்டு வாங்கலாம். மேல் தொகை கேட்டு மனுச் செய்யக் காலக்கெடு உண்டு. அது தவறினால் உரிமையும் தவறிவிடும். பட்டா, பத்திரம், நோட்டீசு, ரசீது எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கவேண்டும். வாய்வார்த்தையாக வேலை தருவதாகச் சொன்னால், அதை எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும்.

நெய்வேலி மின்சாரம் நாட்டுக்குத் தேவை. அதில் சந்தேகம் இல்லை. அந்த வெளிச்சத்தில்தான் பல ஊர்ப் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

ஆனால், அந்த வெளிச்சத்துக்காகத் தன் வீட்டைக் கொடுத்தவனுக்கு, புது வீடும் பிழைப்பும் கிடைத்த பிறகு அல்லவா எந்திரம் இறங்கவேண்டும்? தாத்தாவுக்குச் சேரவேண்டியதைப் பேரன் கோர்ட்டு வாசலில் நின்று கேட்கும் நிலை, இனி ஒரு குடும்பத்துக்கும் வரக் கூடாது.