பாட்டி பெயர் பழசா?



நான் சொல்லப்போவது எங்கள் வீட்டிலேயே யாருக்கும் பிடிக்காது. நட்சத்திரத்துக்கு முதலெழுத்து, எண்கணிதத்துக்குக் கூட்டுத்தொகை, கூடவே ஒரு ‘ஷ்’ என்று இப்போது குழந்தைகளுக்குப் பெயரைத் தேடிப்பிடித்து வைக்கிறார்கள். பொருள் கேட்டால் பெற்றோருக்கே தெரிவதில்லை.

தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் பெயரன். அதுதான் பேரன் ஆயிற்று. மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூசிய மருமகள், அதே பெயர் வைத்த மகனை ‘ராசா’ என்றும் ‘பெரியவனே’ என்றும் கூப்பிட்டாள். செல்லப்பெயருக்குள் அப்படியொரு மரியாதை இருந்தது. என் பேத்திக்கு என் அம்மாவின் பெயரை, அலமேலு என்று, வைக்கச் சொன்னேன். “ஸ்கூலில் கேலி செய்வாங்கம்மா” என்று மகள் மறுத்துவிட்டாள். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

பழைய பெயர் எல்லாமே நல்லது என்று நான் வாதாடவில்லை. அடுத்தது ஆணாகப் பிறக்க வேண்டும் என்பதற்காகப் பெண்பிள்ளைக்குப் ‘போதும்பொண்ணு’ என்று வைத்தது கொடுமை. ‘கருவாச்சி’, ‘குண்டு’ என்று செல்லமாக அழைப்பதும் எனக்குப் பிடிக்காது.

பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்க 12 மாதம் வரை கட்டணமே இல்லை. அவசரப்படாமல், ஒருமுறை பாட்டியிடமும் கேளுங்கள்.

- ஒரு வாசகி, திருச்சி