தரகர் யாருடைய ஆள்? வீடு பார்க்கும் முன்பே எழுதிக்கொள்வோம்

திருவண்ணாமலையில் செங்கம் சாலை, வேட்டவலம் சாலை, திண்டிவனம் சாலை என எந்தப் பக்கம் போனாலும் மனை விற்பனைப் பலகைகள் கண்ணில் படுகின்றன. கிரிவலம் வரும் வெளியூர்க்காரர்களும் இங்கே இடம் தேடுகிறார்கள். வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த பணத்தோடு நம் குடும்பங்களும் இதே சந்தையில்தான் வீடு தேடுகின்றன.

பத்திரத்தை வக்கீலிடம் காட்டுகிறோம், வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். தரகரிடம் மட்டும் "நல்ல இடமா பாத்துக் கொடுங்க பாய்" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறோம். அவர் நமக்காகப் பேசுகிறாரா, விற்பவருக்காகப் பேசுகிறாரா என்று கேட்பதே இல்லை. அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் கமிஷன் எவ்வளவு என்ற சண்டை வருகிறது.

அமெரிக்காவிலும் இதே கேள்விதான் நீதிமன்றம் வரை போனது. 2024 மார்ச்சில் அந்நாட்டுத் தேசிய ரியல் எஸ்டேட் தரகர்கள் சங்கம் 41.8 கோடி டாலர் கொடுத்து வழக்குகளை முடித்துக்கொள்ளச் சம்மதித்தது. அதன்படி, அச்சங்கத்தின் முறைக்குள் வரும் தரகர்கள் வீட்டைச் சுற்றிக் காட்டும் முன்பே வாங்குபவரோடு எழுத்து ஒப்பந்தம் செய்ய வேண்டும். கூலி எவ்வளவு என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும். 2024 ஆகஸ்ட் 17 முதல் இது நடைமுறையில் உள்ளது.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் ரெரா சட்டம், பதிவுபெற்ற மனை, அடுக்குமாடித் திட்டங்களை விற்றுத் தரும் தரகர்களும் பதிவுபெற வேண்டும் என்கிறது. பதிவு எண்ணைக் கேட்டு, தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் சரிபார்க்கலாம். ஆனால் ஒருவர் தன் பழைய வீட்டை விற்கும்போது இந்த விதி பொருந்தாது. அங்கே எழுதி வைத்த தாள்தான் நமக்குப் பாதுகாப்பு.

மார்க்கம் தரகுத் தொழிலைத் தடுக்கவில்லை. தரகரின் கூலிக்கென்றே ஸஹீஹுல் புகாரியில் ஒரு பாடம் உண்டு. "இன்ன விலைக்கு மேல் கிடைப்பது உனக்கு" என்று உரிமையாளரே சொல்லி விற்கச் சொல்வதை இப்னு அப்பாஸ் (ரலி) அனுமதித்ததும் அதில் இருக்கிறது. கூலி இவ்வளவு என்று திட்டமாகத் தெரியாததால் ஃபிக்ஹ் அறிஞர்கள் பலர் அதை ஏற்கவில்லை. எப்படியிருந்தாலும் அது உரிமையாளர் அறிந்து செய்வது. நம் ஆளாகப் பேசப் போனவர், 27 லட்சம் கேட்ட வீட்டை நம்மிடம் 30 லட்சம் என்று சொல்லி இடையில் மூன்று லட்சம் எடுத்தால், அது கூலி அல்ல, அமானித மோசடி. "வேறு பார்ட்டி காத்திருக்கு" என்று இல்லாத ஆளைக் காட்டி விலை ஏற்றுவது, நபி (ஸல்) அவர்கள் தடுத்த நஜ்ஷ் வகையைச் சேர்ந்தது.

எனவே வீடு பார்க்கக் கிளம்பும் முன் ஒரு தாளில் ஐந்து விஷயங்களை எழுதி, இருவரும் கையெழுத்திடுவோம்:

1. தரகர் யார் சார்பில் பேசுகிறார்?
2. கூலி எத்தனை ரூபாய், அல்லது எத்தனை சதவீதம்?
3. எப்போது கொடுப்பது: அட்வான்ஸ் அன்றா, பத்திரப்பதிவு அன்றா?
4. விற்பவரிடமும் கூலி வாங்குகிறாரா? வாங்கினால் எவ்வளவு?
5. பேரம் முறிந்தால் என்ன செய்வது?

"நம்ம ஜமாஅத் ஆளு, எப்படி எழுதிக் கேட்பது?" என்று கூச்சப்பட வேண்டாம். கொடுக்கல் வாங்கலை எழுதச் சொல்லும் அல்பகராவின் 282ஆவது வசனம்தான் குர்ஆனிலேயே நீளமானது. அது பேசுவதும் ஈமான் கொண்டவர்களிடம்தான். எழுதுவது சந்தேகம் அல்ல, உறவைக் காக்கும் வழி. நேர்மையான தரகருக்கும் அதுவே பாதுகாப்பு.

வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசி, குறையை மறைக்காமல் இருந்தால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டு என்பது நபிமொழி தரும் நற்செய்தி. நாம் குடியேறும் வீடுகளில் அந்தப் பரக்கத்தை வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக.