சோகை என்பது நோயின் பெயரன்று

மாணவர்க்குத் திருக்குறளின் மருந்து அதிகாரத்தைப் பாடஞ் சொல்லும்போதெல்லாம், நோயை அறிவதோடு அமையாது அது தோன்றிய காரணத்தையும் ஆராய்தல் வேண்டுமென்ற வள்ளுவர் கருத்தை விரித்துரைப்பது என் வழக்கம். முப்பது ஆண்டுகள் அவ்வாறு உரைத்த யானே அதனை என் உடம்பிற்குப் பொருத்திப் பார்க்கத் தவறினேன். வெட்கத்துடன் இதனை எழுதுகின்றேன்.

சென்ற ஆண்டு கல்லூரி மாடிப்படி ஏறுகையில் மூச்சு வாங்கிற்று, முகமும் வெளிறிற்று. "பண்டிதருக்கு இரத்தசோகை" என்றனர் ஆசிரிய நண்பர். முதுமையின் குறியெனக் கருதி, மருந்துக்கடையில் இரும்புச்சத்து மருந்து வாங்கிப் பல மாதம் அருந்தினேன். உடல் சிறிது தேறும், மீண்டுஞ் சோரும். ஈற்றில், என்னிடங் கற்று இன்று வைத்தியராய் விளங்கும் ஒருவரிடஞ் சென்றேன். ஆடவர்க்கு நூறு மில்லிலீற்றர் குருதியில் 13 கிராமுக்குக் குறையாதிருக்கவேண்டிய ஈமோகுளோபின் எனக்கு 8 கிராமே இருந்தது. செங்குழியங்கள் சிறுத்து வெளிறியிருந்தன. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிற்றினும் மிகத் தாழ்ந்திருந்தது.

அவர் அத்துடன் அமையவில்லை. "இரும்பு குறைந்தமை தெரிகிறது, ஐயா, அது எவ்வழியாற் போயிற்று என்பதையன்றோ அறியவேண்டும்?" என்றார். குழாய்க் கருவியால் இரைப்பையை நோக்கியபோது, அங்கே ஒரு புண்ணிலிருந்து குருதி கசிந்துகொண்டிருந்தது. முழங்கால் நோவுக்கு யான் நாடோறும் விழுங்கிய குளிசையே அப்புண்ணுக்குக் காரணமாம். புண்ணை ஆற்றிய பின்னரே இரும்பு மருந்து பயன் தந்தது.

காய்ச்சலைப் போலவே இரத்தசோகையும் ஒரு குறியேயன்றி நோயன்று. மாதவிடாய்ப் பெருக்கு, கருப்பகாலம், கொழுக்கிப்புழு என்பவற்றால் இரும்பு குறைதல் பெருவழக்கு. விற்றமின் பீ 12 குறையினும் சோகை உண்டாம். ஆங்குச் செங்குழியங்கள் சிறுத்தலின்றிப் பெருத்துக் காணப்படும். அதற்கு இரும்பு மருந்தாகாது.

தலசீமியா இன்னும் கவனிக்கற்பாலது. கிரேக்க மொழியிற் கடலையும் குருதியையும் குறிக்குஞ் சொற்களின் புணர்ச்சி இப்பெயர். இது பரம்பரையாய் வருவது. இவ்வியல்பைக் காவுவோர் பெரும்பாலும் நலமாகவே வாழ்வர். எனினும் அவர்தம் செங்குழியங்களும் சிறுத்திருத்தலின், இரும்புக் குறையென மயங்கி வீணே மருந்துண்பாரும் உளர். பெரிற்றினையும் ஈமோகுளோபினின் வகைகளையும் சோதித்தால் மயக்கந் தீரும். ஒரேவகைத் தலசீமியாவைக் காவும் இருவர் மணந்தால், ஒவ்வொரு கருவுக்கும் நாலில் ஒரு பங்கு கடும் நோய் வர இடமுண்டு. அக்குழந்தைக்குச் சில கிழமைக்கொருமுறை குருதி ஏற்றவேண்டும். அதனால் உடலிற் சேரும் மிகை இரும்பை நீக்க வேறு மருந்துங் கொடுக்கவேண்டும். நம் நாட்டிற் குருநாகல் பகுதியில் இந்நோயாளர் மிகுதியாக உள்ளனர். மணம் பேசுமுன் ஒரு குருதிச் சோதனை செய்வதில் இழுக்கென்ன?

வைத்தியத்திற் பண்டிதருக்கு என்ன வேலை என்பார் இருக்கலாம். சொல்லுக்குப் பொருள் தெளிவித்தல் எம் தொழில். ஒரு சொல்லின் பொருளை மயங்க உணர்ந்தமையால் யான் பல மாதம் குருதி இழந்தேன். வகுப்பில் வெளிறிய முகத்துடன் சோர்ந்திருக்கும் பிள்ளையைக் காணும் ஆசிரியர், "சத்து மருந்து குடி" என்று கூறி அமையற்க. காரணத்தை நாடுமாறு பெற்றோர்க்கு உரைப்பாராக. அதுவே யாம் கற்பித்த குறளுக்கு யாம் செய்யும் உரையாகும்.